முன்னூறு போதும்

ஊரூர் ஒல்காட் குப்பம்,
8.9.2024

தம்பி நந்துவுக்கு,

அக்கா எழுதுகிறேன். எப்படி இருக்கிறாய்? வயிறாரச் சோறு போடுகிறார்களா? போன முறை போனில் கொடுத்த ஐந்து நிமிஷமும் நான் அழுததிலேயே போய்விட்டது. உன்னை வெளியூர் ஜெயிலுக்கு மாற்றிய பிறகு பஸ் ஏறி வரவும் முடியவில்லை. இனிமேல் கடிதம்தான். பன்னிரண்டாவது வரை படித்தது மீன் கணக்கு எழுத மட்டும்தானா, இதற்கும் உதவட்டும். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது. மாமா கடலுக்குப் போய் வருகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். கோர்ட்டில் இலவச வக்கீலாகக் கொடுத்த அன்புக்கரசி மேடம் நல்லவராகத்தான் தெரிகிறார். கேஸ் கட்டு முழுக்கப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இந்தக் கேஸே அந்த ஒரு போட்டோலதாம்மா நிக்குது" என்றார். கதிரேசன் செத்த அன்று காலை நம்ம பறவை போட்டோக்காரர் ஸ்ரீரங்கன் சார் முகத்துவாரத்தில் ஆலாக் கூட்டத்தை எடுத்த படம். பறவைகளுக்குப் பின்னால் மணல் திட்டில் கதிரேசனும் நீயும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறீர்கள். கதிரேசனுக்கு இடது பக்கத்தைக் கவிழ்த்த படகு ஒன்று மறைக்கிறது. நீ கையை ஓங்கியிருக்கிறாய். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான், அவன் வலை விரித்துப் பறவை பிடிக்கிறான் என்று நடுத்தெருவில் அவன் சட்டையைப் பிடித்து, "உன்ன சாவடிக்காம உட மாட்டேன்" என்று கத்தியிருக்கிறாய். போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

நீ முதல் நாளிலிருந்து சொல்வதை மேடத்திடம் சொன்னேன். கதிரேசனுக்கு நூறு அடி பின்னால் இருந்தாய், யாரோ சண்டை போடுவது தெரிந்து கையை ஆட்டிக் கத்திக்கொண்டு ஓடினாய், போய்ச் சேர்வதற்குள் அவன் துடுப்படி பட்டு விழுந்து கிடந்தான், அடித்தவன் யாரென்று பார்க்கவில்லை. மேடம் சொன்னது இது: பறவை எடுக்கிற பெரிய லென்சில், வெகு தூரத்திலிருந்து எடுத்தால், முன்னும் பின்னும் தள்ளி நிற்பவர்கள் ஒட்டி நிற்பதுபோல் தெரியுமாம். அதே இடத்தில் நின்று அதே லென்சில் இரண்டு பேரை நூறு அடி விட்டு நிற்க வைத்து எடுத்துக் காட்டினால், கோர்ட்டில் அந்தப் படத்தின் பல்லைப் பிடுங்கிவிடலாமாம்.

ஸ்ரீரங்கன் சாரைக் கேட்கலாம் என்றால் அவர் ஜூனில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டான். போலீசிடம் இருப்பது வாட்ஸப்பில் வந்த படத்தின் பிரிண்ட். எந்த லென்ஸ், எங்கே நின்றார் என்று அதில் ஒன்றும் இல்லையாம். மூன்று வருஷம் அவர் பையைச் சுமந்தவன் நீ. உனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? உடனே எழுது.

இன்னொன்று. எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ஒன்பது வருஷம் கழித்து எனக்கு மூன்று மாதம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டார்கள், நன்றாக இருக்கிறதாம். மாமாவிடம் சொன்னதும் படகில் போய் உட்கார்ந்து அழுதார். நான் தேற்ற வேண்டியதாகிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா ஜாஸ்மின்


2.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம் சொல்லி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, இருமல் மட்டும் இருக்கிறது. உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

அக்கா, நீ இனிமேல் மீன் அன்னக்கூடையைத் தலையில் தூக்காதே. மாமாவைத் தூக்கச் சொல். ஐஸ் தண்ணீரில் கை வைத்துக்கொண்டே இருக்காதே. சுறாப்புட்டு செய்து சாப்பிடு. நம்ம அம்மா கெங்கம்மாவுக்குப் பேத்தியா பேரனா என்று இங்கே என் பக்கத்துப் பாய்க்காரரிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன். இந்தச் சேதியை நான்கு முறை படித்தேன். கொடியில் போட்ட துணியை எடுக்க மறந்து மழையில் விட்டுவிட்டேன்.

லென்ஸ் விஷயம். அது முன்னூறு எம்.எம். சார் நின்றது உடைந்த பாலத்தில் இல்லை. இந்தப் பக்கம், சீமைக் கருவேல மரத்துக்கு முன்னால் இருக்கிற சேற்று மேட்டில். ஆலாக்கள் அன்றைக்குக் கிட்டேயே உட்கார்ந்திருந்தன. "நந்து, மூச்சு விடாதேடா, பறந்துடுத்துன்னா இன்னிக்குப் பொழுது போச்சு" என்பார் எப்போதும். கையில் பிடித்தே எடுப்பார். முன்னூறு போதும்.

எடுத்துப் பார்த்துவிட்டுச் சரியாக வராவிட்டால் மேடத்தை ரொம்பத் தொல்லை பண்ணாதே. மாமாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். அவர் என்னை ஒரு தரம்கூடப் பார்க்க வரவில்லை என்று எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, அதையும் சொல்.

தம்பி நந்தகுமார்


14.10.2024

நந்துவுக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் சௌக்கியம். இருமலுக்கு மாத்திரை கேட்டு வாங்கு, வாயைத் திறந்து கேட்டால்தான் கொடுப்பார்கள்.

தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் மாடியில் ஒரு கடை, கேமரா வாடகைக்கு விடுகிறவர்கள். முதலாளி ஹபீபுர் ரஹ்மான் பாய். கேஸுக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிரே கல்யாண வீட்டுக்குக் கேமரா எடுக்க வந்த இரண்டு பேர் பளிச்சென்று நின்றார்கள். நான் மீன் வாடையோடு நின்றேன். பறவை போட்டோ எடுக்க என்று சொல்லிவிட்டேன். பாய் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாமா, பெரிய பறவையா, குருவியா?" என்றார்.

"ஆலா. ஆத்து வாய்ல உக்காரும்ல, அது."

"அதுக்கு முன்னூறு யார் சொன்னது? கிட்டப் போறதுக்குள்ள எல்லாம் எகிறிக்கினு போய்டும். குறைஞ்சது நானூறு எடு. நூத்தம்பது-அறுநூறுன்னு ஒரு ஜூம் கீது, ரெண்டு கிலோ, ஆனா காலை வெளிச்சத்துல கொஞ்சம் மங்கும். வசதி கீதுன்னா அறுநூறு, ஒரே சைஸ் லென்ஸ். அதான் ராஜா. மூணு கிலோவுக்கு மேல. ஸ்டாண்டு இல்லாம தூக்க முடியாது."

ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். அறுநூறு ஒரு முழ நீளம். அதைத் தொடக்கூட பயமாக இருந்தது. ஸ்ரீரங்கன் சார் தோளில் ஏதோ பெரிதாகத் தொங்கிய மாதிரிதான் எனக்கும் ஞாபகம். பைக்குள் இருந்ததால் சரியாகத் தெரியாது. நீ முன்னூறு என்கிறாய். நன்றாக யோசித்துச் சொல், நந்து. மேடம் ஒரு தரம்தான் இதைக் கோர்ட்டில் வைக்க முடியும் என்கிறார். தப்பாகப் போனால் நமக்கே வினையாகிவிடும்.

மழை விட்டதும் எடுக்கப் போகிறோம். நவம்பருக்குள் பதில் போடு.

அக்கா


27.11.2024

அக்காவுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு நான் காரணம் இல்லை. இங்கே வரும் கடிதமும் போகும் கடிதமும் ஆபீசில் படித்துத்தான் கொடுப்பார்கள், உனக்குத் தெரியும். உன் கடிதத்தில் முன்னூறு, நானூறு, நூத்தம்பது-அறுநூறு என்று வரிசையாக நம்பர் இருந்ததால் நிறுத்தி வைத்துவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டு, "இன்னாடா இது, கஞ்சா கணக்கா, ஆளுங்க நம்பரா?" என்று கேட்டார்கள். லென்ஸ் என்று சொன்னேன். மீனவனுக்கு லென்ஸ் எதற்கு என்றார்கள். ஒரு மணி நேரம் நின்று விளக்கினேன். ஆலா என்றால் என்ன, உள்ளான் என்றால் என்ன, பூநாரை எந்த மாசம் வரும் என்பது வரைக்கும் சொன்னேன். கடைசியில் அந்த ஐயா சிரித்துவிட்டார். இங்கே வந்து இத்தனை நாளில் நான் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

யோசித்தேன் அக்கா. முன்னூறுதான். கடை பாய் வியாபாரி, பெரிதாகத்தான் சொல்வார். பையைச் சுமந்தவன் நான். கருவேல மரத்துக்கு முன்னால் சேற்று மேடு. அதையே செய். மறுபடி கேட்டு எழுதாதே, நம்பர் எழுதினால் மறுபடி நிறுத்துவார்கள்.

உனக்கு இப்போது ஆறாவது மாதம் நடக்கும். குழந்தை அசைகிறதா?

நந்து


16.12.2024

நந்துவுக்கு,

நலமா? இங்கே நலம். குழந்தை உதைக்கிறது. நல்ல பலமான கால், உன் ஜாடை.

நேற்றுக் காலை எடுத்தோம். பாய் கடையிலிருந்து ரெஹான் என்று ஒருவர் கேமராவோடு வந்தார். அன்புக்கரசி மேடம் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். கதிரேசன் இடத்தில் ஐஸ் வண்டி விக்கியை நிற்க வைத்தோம். உன் இடத்துக்கு உன் உயரத்தில் ஆள் வேண்டுமே, மாமாவைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்று ஒரு வாரம் முரண்டு பிடித்தார். என் தம்பிக்கு இதுகூடச் செய்ய மாட்டாயா என்று நான் கத்தின பிறகு வந்தார்.

வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? நான் இடம் காட்டுவதற்கு முன்னால் நேராகப் போய் விக்கிக்கு இடது பக்கம், போலீஸ் படத்தில் கவிழ்த்த படகு மறைக்கிற இடத்தில் நின்றுவிட்டார். "யோவ், அங்க இல்ல, நந்து இடம் பின்னாடி கீது" என்று கத்தினேன். தூக்கத்திலிருந்து எழுந்தவர் மாதிரி பார்த்தார். அப்புறம் நூறு அடி பின்னால் போய் நின்று கையைத் தூக்கினார். ரெஹான் போதும் என்ற பிறகும் இறக்கவில்லை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தார்.

படம் வந்தது. நந்து, ஒட்டவில்லை. விக்கி பெரிதாகத் தெரிகிறான், மாமா பாதியாகத் தெரிகிறார். சின்னக் குழந்தைகூட இரண்டு பேரும் தள்ளி நிற்கிறார்கள் என்று சொல்லும். மேடம் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இந்த லென்ஸ்ல, இந்த எடத்துல நூறு அடி இப்படித்தான் தெரியும்னா, அந்தப் போட்டோல ரெண்டு பேரும் நெஜமாவே பக்கத்துலதாம்மா நின்னிருக்கணும்" என்றார். கோர்ட்டில் வைக்க வேண்டாம், வைத்தால் அவர்கள் பக்கமே பேசும் என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் என்ன சொல்வது? கேட்டுக் கேட்டு அலுத்துப் படுத்துவிட்டாள்.

நீ பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நீ நூறு அடி தள்ளித்தான் இருந்தாய். அப்புறம் ஏன் இப்படி வருகிறது?

ஜாஸ்மின் அக்கா


30.12.2024

அக்காவுக்கு,

புது வருஷம் வருகிறது, உனக்கும் அம்மாவுக்கும் மாமாவுக்கும் நல்லதாக இருக்கட்டும்.

படம் சரியாக வராததற்கு நீ ஏன் வருத்தப்பட வேண்டும்? சில நேரம் அப்படித்தான். மூன்று மணி நேரம் குப்புறப் படுத்துக் கிடந்து ஒரு படமும் இல்லாமல் வந்த நாள் எத்தனை! விட்டுவிடு. மேடம் கையில் இருப்பதை வைத்துப் பேசட்டும். எனக்கு இங்கே பழகிவிட்டது. காலையில் தோட்ட வேலை, சாயங்காலம் கேரம். நிஜமாகவே பழகிவிட்டது.

மாமாவை இனிமேல் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போகாதே. அவருக்கு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. நீயும் சேற்றில் நடக்காதே.

நந்து


20.3.2025

தம்பி நந்துவுக்கு,

பெண் குழந்தை. பத்தாம் தேதி காலை பிறந்தாள். இரண்டே முக்கால் கிலோ. இரண்டு பேரும் நலம். நீ பந்தயத்தில் ஜெயித்தாயா, தோற்றாயா?

மாமா அவளைக் கீழே விட மாட்டேன் என்கிறார். கடலுக்குப் போவதும் குறைந்துவிட்டது. மடியில் வைத்துக்கொண்டு முகத்தையே பார்க்கிறார். யாராவது வாசலில் கூப்பிட்டால் திடுக்கென்று எழுந்திருக்கிறார். போலீஸ் பைக் தெருவில் போனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறார். நான் சிரித்தேன் முதலில்.

ஜூன் மாதம் உன் கேஸில் விசாரணை முடிந்து தீர்ப்புக்கு வைத்துவிடுவார்கள் என்கிறார் மேடம். நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா


2.4.2025

அக்கா,

நான் பேரன் என்று கட்டியிருந்தேன். தோற்றதில் எனக்குச் சந்தோஷம். இரண்டு நாள் என் இட்லியைப் பக்கத்துப் பாய்க்காரருக்குக் கொடுத்தேன்.

அவளுக்கு என்னைப் பற்றிச் சொல்லாதே. கொஞ்ச வருஷம் போகட்டும். மாமா நல்ல மனுஷன். கையை ஓங்கத் தெரியாதவர். குழந்தைக்கு அவர் வேண்டும். இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்.

நந்து


4.5.2025

நந்துவுக்கு,

நலம் விசாரித்து எழுத இன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை.

போன வாரம் பாய் கடைக்குப் போனேன். டிசம்பரில் எடுத்த படங்களின் மெமரி கார்டை மேடம் வாங்கி வைக்கச் சொன்னார். கடைச் சுவரில் ஆலா படம் ஒன்று மாட்டியிருக்கிறது. அக்டோபரில் வந்தபோது அதை எங்கே நான் பார்த்தேன்! கீழே பேர்: ஸ்ரீரங்கன், மயிலாப்பூர். "இவரைத் தெரியுமா பாய்?" என்றேன்.

"தெரியுமாவா? மெட்ராஸ்ல அறுநூறு வெச்சிருக்கிறவங்கள விரல் விட்டு எண்ணிடலாம்மா. அவருக்கு அத நாந்தான் வாங்கிக் குடுத்தேன், எட்டு வருசம் கீது. அதத் தவிர வேற லென்சே தொட மாட்டார். உடைஞ்ச பாலத்துல ஸ்டாண்டப் போட்டு உக்காந்தார்னா வெயில் ஏறாம எழுந்துக்க மாட்டார். குப்பத்துப் புள்ள ஒருத்தன் கூடவே தூக்கிக்கினு வருவான். நல்லா வேல தெரிஞ்ச புள்ள. லென்ச கழட்டி மாட்டறது, தொடைக்கிறது எல்லாம் அவன்தான். பேரு என்னமோ... நந்து."

அவர் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தார். அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னேன், கேஸ், ஜெயில், எல்லாம். "இத முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். என் வெட்கத்தில் ஆறு மாசம் போயிற்று. அது என் தப்பு. உன் தப்பு என்ன?

மறுநாளே அறுநூறோடு அவரே வந்தார். உடைந்த பாலத்தில் ஸ்டாண்டு போட்டார். விக்கியையும் ரெஹானையும் நூறு அடி விட்டு நிற்க வைத்தோம். பாய் திரையைக் காட்டினார். நந்து, இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். ரெஹான் தூக்கிய கை விக்கி தலைக்கு மேல் ஓங்கியிருக்கிறது. போலீஸ் வைத்திருக்கிற படமேதான், ஆள்தான் வேறு. நீ சொன்னது முழுக்க உண்மை. அந்த உண்மையை நிரூபிக்கிற லென்சை மட்டும் என்னிடம் மறைத்துவிட்டாய்.

நீ தப்பாகச் சொல்கிறவன் இல்லை. மூன்று வருஷம் கையால் துடைத்த லென்ஸ் அது. இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் முன்னூறு என்றாய்.

நீ நூறு அடி பின்னால் இருந்தாய் என்றால் கதிரேசனுக்குப் பக்கத்தில் இருந்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். அது வரக் கூடாது என்றுதானே? டிசம்பரில் ஒரு ஆள் யாரும் சொல்லாமல் போய் நின்ற இடம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. படம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மேடத்திடம் கொடுக்கவில்லை.

ஜாஸ்மின்


9.5.2025

அக்கா, அக்கா,

உன் கடிதம் இன்று வந்தது, இன்றே எழுதுகிறேன். ஆபீசில் இருக்கும் ஐயா இதைப் படிப்பார், ஆகவே கவனமாக எழுதுகிறேன், நீயும் கவனமாக இரு. எந்தப் பேரையும் எழுதாதே.

நீ நினைப்பது தப்பு. எனக்கு ஞாபக மறதி. முன்னூறு என்றுதான் நினைத்தேன். அந்தப் படத்தை அழித்துவிடு. பாய்க்கும் சொல். உன் காலில் விழுகிறேன். எனக்கு யார் இருக்கிறார்கள்? கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை. நான் உள்ளே இருந்தால் யாருக்கும் ஒரு வேளைச் சோறு குறையாது. உன் வீடு அப்படி இல்லை. ஒன்பது வருஷம் நீ பட்ட பாட்டை நான் பார்த்தேன். குழாயடியில் நீ கேட்ட பேச்சையெல்லாம் நானும் கேட்டேன். இப்போது ஒரு குழந்தை வந்திருக்கிறது. அதற்கு அப்பன் வேண்டும்.

நான் முடிவு பண்ணிவிட்டேன். நீ ஒன்றும் செய்ய வேண்டாம்.

உன் நந்து


23.5.2025

நந்துவுக்கு,

குழந்தை நலம். அம்மா நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று தெரியவில்லை.

உன் கடிதத்தை மாமா முன்னால் வைத்தேன். படத்தையும் வைத்தேன். குழந்தை அவர் மடியில் இருந்தாள். அவளைப் பாயில் கிடத்தினார். அப்புறம் சொன்னார். அன்று காலை நண்டு வலையை அறுத்தது யார் என்று கதிரேசனோடு வாய்த் தகராறு. அவன் சொன்னானாம், "பொண்டாட்டிக்கு ஒரு புள்ள குடுக்க வக்கில்ல, நீ எனக்கு வலயப் பத்தி சொல்றியா? அந்த மலடிய இட்டுக்கினு போய் எங்கனா கோயில்ல உட்ரு" என்று. கையில் துடுப்பு இருந்திருக்கிறது. ஒரே அடி. நீ பின்னாலிருந்து "மாமா, வேணாம்" என்று கத்தியது காதில் விழுந்ததாம், கை நிற்கவில்லையாம். நீ வந்து அவரைத் தள்ளி, "ஓடு" என்றாயாம். ஓடிவிட்டார்.

அந்த வார்த்தையை நான் ஒன்பது வருஷமாகக் குழாயடியிலும் மார்க்கெட்டிலும் தினமும் கேட்டவள். கேட்டுக்கொண்டே மீன் வெட்டினேன். எனக்காகக் கோபப்பட்டு ஒரு உயிரை எடுக்கச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. கதிரேசனுக்கும் ஒரு பெண்டாட்டி இருக்கிறாள். அவள் எனக்கு இரண்டு கூடை தள்ளித்தான் உட்கார்ந்து விற்கிறாள். என் குழந்தையைப் பார்க்க வந்து அதன் கையில் ஒரு நோட்டை வைத்துவிட்டுப் போனாள். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை அவள் முகத்தில் முழிக்க வைத்தீர்கள்.

குழந்தைக்கு அப்பன் வேண்டும் என்று நீ முடிவு பண்ணினாய். எனக்குத் தம்பி வேண்டுமா என்று கேட்டாயா? அம்மாவுக்குப் பிள்ளை வேண்டுமா என்று கேட்டாயா?

மாமாவிடம், நீயே போ என்றேன். போகிறேன் என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனார், திரும்பி வந்தார். மறுநாளும் போனார், வந்தார். நேற்று மூன்றாவது தரம். வாசலில் உட்கார்ந்து, "கால் போ மாட்டேங்குது ஜாஸ்மி" என்றார். அவர் கெட்டவர் இல்லை, நந்து. அவருக்குத் தைரியம் இல்லை. அதை நான்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற ஐயாவுக்கு: நீங்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கதிரேசனை அடித்தது என் புருஷன் பிரபு. ஊரூர் ஒல்காட் குப்பத்தில்தான் இருக்கிறார், எங்கும் ஓடவில்லை. இதையே கைப்பட எழுதி, படத்தோடு சேர்த்து, இன்று காலை வக்கீல் அன்புக்கரசி மேடத்திடம் கொடுத்துவிட்டேன்.

ஜாஸ்மின்


13.7.2025

நந்துவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் போன கடிதம் போட்டு ஏழு வாரம் ஆகிறது. நீ பதில் போடவில்லை. போடுவாய் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

அவரைக் கூட்டிப் போனார்கள். மப்டியில் இரண்டு பேர் வந்தார்கள், சத்தம் போடவில்லை. குழந்தைக்குப் பால் கொடுத்து முடிக்கும்வரை வாசலில் நின்றார்கள். அவர் என் கையிலிருந்து அவளை வாங்கி ஒரு தரம் முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மாஜிஸ்ட்ரேட் முன்னால் அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். உனக்குப் பெயில் உத்தரவு வந்துவிட்டது. வியாழக்கிழமை விட்டுவிடுவார்கள் என்று மேடம் போன் பண்ணினார். கேஸிலிருந்தும் பேர் எடுத்துவிடுவார்கள், கொஞ்சம் நாள் ஆகும் என்றார். அம்மா உட்கார்ந்த இடத்தில் அழுதாள், சந்தோஷத்தில். நானும் அழுதேன்.

வெளியே வந்ததும் இங்கே வராதே. அம்மா பாலவாக்கத்தில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள், உனக்கு அங்கேயே இடம் பார்த்து வைத்திருக்கிறாள். நேராக அங்கே போ.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் இருக்கிறது. முதல் கடிதத்திலேயே அறுநூறு என்று நீ எழுதியிருந்தால் மேடம் படம் எடுத்திருப்பார், கோர்ட் கேட்டிருக்கும், போலீஸ் தேடியிருக்கும், பிடித்திருக்கும். நான் வயிற்றில் பிள்ளையோடு ஒரு ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்திருப்பேன். நீ எனக்கு நல்லது செய்கிறேன் என்று அதை என் கையில் கொண்டுவந்து வைத்தாய். இவள் வளர்ந்து, என் அப்பாவை யார் பிடித்துக் கொடுத்தது என்று கேட்பாள். நான்தான் என்று சொல்ல வேண்டும். அதை இப்போதே தினமும் ஒத்திகை பார்க்கிறேன், வாய் வரவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் சுத்தமாக வராது.

துணிமணி எல்லாம் சித்தி வீட்டில் பையில் இருக்கிறது. பஸ் ஏறியதும் அம்மாவுக்குப் போன் பண்ணு. எனக்குப் பண்ண வேண்டாம். நானே ஒரு நாள் கூப்பிடுகிறேன். எப்போது என்று தெரியவில்லை.

ஜாஸ்மின்